குழாய் விடாத பரிசோதனைகள்: மகளின் குமட்டலோடு டர்பனில் ஏழு மாதம்

என் மூத்த மகளுக்கு 14 வயது. போன வருடம் மார்ச் மாதம் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். காய்ச்சல் போனது. ஏப்ரலில் குமட்டல் வந்து உட்கார்ந்துகொண்டது. வாந்தி அபூர்வம். வாயில் எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், "அம்மா, ஒரு மாதிரி வருது" என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். அக்டோபர் வரைக்கும் இதே நிலைதான்.

இந்த ஏழு மாதத்தில் உடம்புக்குள் குழாய் விடாமல் அவளுக்கு என்னென்ன பரிசோதனை செய்தார்கள், எது உதவியது, எது உதவவில்லை, செய்த இடம் எப்படி என்று எழுதுகிறேன். சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களில் மூன்று பேர் இதே விஷயத்தை என்னிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். பிள்ளை தினமும் குமட்டுகிறது என்கிறாள், எங்கே போவது, என்ன செய்வார்கள், வலிக்குமா? அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனின் வடக்குப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. குறைகளையும் சொல்லப் போகிறேன், அதனால் அப்படியே இருக்கட்டும்.

அங்கே போவதற்கு முன் நாங்கள் சுற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பக்கத்து ஜி.பி., அதாவது பொது மருத்துவர், அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். ஆறு வாரம் சாப்பிட்டாள், மாற்றம் இல்லை. அப்புறம் தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்தினேன். பிறகு பாலை நிறுத்தினேன். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் அன்று வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அங்கேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாள். திருஷ்டி என்றார்கள், சுற்றிப் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு நிபுணரிடம் போனோம். அவர் கேள்வி எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துவிடலாம், அடுத்த வியாழக்கிழமை இடம் இருக்கிறது என்றார். பிள்ளை அன்று இரவு தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. எண்டோஸ்கோப்பி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கீழே அதையும் சொல்கிறேன். ஆனால் முதல் சந்திப்பின் பன்னிரண்டாவது நிமிடத்தில் அதைச் சொல்லக் கேட்டபோது, இதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எதுவுமே இல்லையா என்று மனசு கேட்டது. இருந்தது. நிறையவே இருந்தது.

பக்கத்து வீட்டு ஆயாதான் இந்தக் குழந்தைகள் பிரிவைப் பற்றிச் சொன்னார். ஆயாவுக்கு 78 வயது. அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஆயாவின் பிள்ளைகள் பேரன்கள் எல்லாம் ஆங்கிலம்தான். என்னிடம் மட்டும் ஆசையோடு தமிழ் பேசுவார். "எம் பேரனுக்கு வயித்த அங்கதான் பாத்தாங்க மா, ஊசி கூட போடல" என்றார். மறுநாளே போன் செய்து நேரம் வாங்கினேன்.

முதல் சந்திப்பு 50 நிமிடம். இந்த இடத்துக்கு நான் முதலில் மதிப்பெண் போடுவது இதற்குத்தான். மருத்துவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துப் பேசினார். எப்போது ஆரம்பித்தது, காலையா மாலையா, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, தலைவலி உண்டா, மாதவிடாயோடு சேர்ந்து வருகிறதா, எடை இறங்கியதா, குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா. எனக்கு உண்டு என்றேன், குறித்துக்கொண்டார். விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்னக் கருவியால் அவள் கண்ணுக்குள் பார்த்தார். மூளையில் அழுத்தம் கூடினாலும் காலையில் வாந்தி வரும், அப்போது கண்ணின் பின்புறம் நரம்பு வீங்கியிருப்பது தெரியும் என்று அவளிடமே விளக்கினார். வீக்கம் எதுவும் இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகாத பரிசோதனை அது. அதுவரை வேறு யாரும் செய்யவில்லை.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், இந்த வயதில் அது வழக்கம் என்றார் சிஸ்டர். கர்ப்பம், கஞ்சா, பள்ளியில் யாராவது மிரட்டுவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, இவை எல்லாமே நாள்பட்ட குமட்டலுக்குக் காரணமாகலாம் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். நான் பக்கத்தில் இருந்திருந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? வீட்டுக்கு வரும்போது காரில் "என்ன கேட்டாங்க?" என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அவளே சொன்னாள். "நான் பொய் சொல்றேன்னு அவங்க நினைக்கல அம்மா." அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய வேலை ஒன்றே ஒன்றுதான், ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று வாரத்துக்கு, குமட்டல் வரும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, என்ன சாப்பிட்டிருந்தாள், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள், பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். "என்ன செய்துகொண்டிருந்தாள்" என்ற பத்தியை நான் பெரிதாக எண்ணவில்லை. என் கவனம் முழுக்கச் சாப்பாட்டுப் பத்தியில்தான் இருந்தது.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், உப்புகள் என்று ஒரே ஊசியில் எடுத்துவிட்டார்கள். சிறுநீரும் பார்த்தார்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் பரிசோதனையும் அதில் உண்டு. இங்கேதான் நான் செய்த தவறு தெரிந்தது. கோதுமையை நிறுத்திவிட்டுச் செய்தால் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது. எதிர்ப்பொருள் குறைந்துபோய், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும். அதனால் சில வாரம் சப்பாத்தியும் ரொட்டியும் மறுபடி தினமும் கொடுத்துவிட்டு அப்புறம்தான் அதற்கு மட்டும் ரத்தம் எடுத்தார்கள். நீங்களும் யாராவது சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்துவதாக இருந்தால், தயவுசெய்து ரத்தப் பரிசோதனை முடியும்வரை பொறுங்கள். எங்களுக்கு எல்லாம் சரியாகவே வந்தது.

வயிற்றில் புண் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை இருக்கிறதே, பையில் ஊதினால் போதுமாமே என்று நானாகக் கேட்டேன். ஜி.பி. அதைச் சொல்லியிருந்தார். கார்பன் 13 கலந்த யூரியாவைக் குடிக்க வைத்து, சிறிது நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் யூரியாவை உடைத்துவிடும், அந்தக் கார்பன் மூச்சில் வரும். கதிரியக்கம் இல்லை, வலி இல்லை. ஆனாலும் இந்த மருத்துவர் வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கு வெறும் குமட்டலுக்காக அந்தக் கிருமியைத் தேடிப் போக வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை குடல்நோய்ச் சங்கங்களின் வழிகாட்டுதல். கிருமி பல பிள்ளைகளிடம் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும், கண்டுபிடித்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டினால் குமட்டல் போகும் என்று நிச்சயமில்லை. சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கிருமி போய்விட்டதா என்று பார்க்கத்தான் மூச்சுப் பரிசோதனை நன்றாகப் பயன்படும் என்றார். செய்யக்கூடியதை எல்லாம் செய்து பில் போடாமல், ஒன்றை வேண்டாம் என்று விளக்கிச் சொன்ன இடம் என்பதால் நம்பிக்கை கூடியது.

அல்ட்ராசவுண்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, குளிர்ந்த ஜெல், இருபது நிமிடம். பித்தப்பை, கணையம், கல்லீரல் பார்த்தார்கள். சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள் என்பது எனக்குப் புதிது. சிறுநீர் இறங்கும் வழியில் அடைப்பு இருந்தால் சில பிள்ளைகளுக்கு அது வயிற்றுவலியும் வாந்தியுமாகத்தான் வெளியே தெரியுமாம். எல்லாம் சரி.

அடுத்தது, வயிறு சாப்பாட்டை எவ்வளவு வேகத்தில் இறக்குகிறது என்று பார்க்கும் ஸ்கேன். நியூக்ளியர் மெடிசின் பிரிவில் செய்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழாய் இல்லை, ஊசியும் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் போகக் கூடாது. டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு முட்டையில் கலந்து சமைத்து, ரொட்டியோடும் ஜாமோடும் சாப்பிடக் கொடுப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். உடனே ஒரு படம், பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு படம். கேமரா முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுக்கும், ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்தான். மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. வயிற்றின் வேகத்தை மாற்றும் மருந்துகளை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், ஒரு நாளில் கிட்டத்தட்டப் போய்விடும். கதிர்வீச்சு அளவு குறைவுதான். அதுவும் ஒரு காரணம் இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. தேதி விழுந்தது புரட்டாசியில். இங்கே தமிழர் வீடுகளில் புரட்டாசி என்றால் எவ்வளவு கண்டிப்பு என்று ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குச் சொன்னால் நம்ப மாட்டார். தமிழே தெரியாத வீட்டில்கூட அந்த மாதம் கறியும் முட்டையும் உள்ளே வராது. தனிப் பாத்திரமே வைத்திருப்பவர்கள் உண்டு. முட்டை வேண்டாம் என்றால் ஓட்ஸ் கஞ்சியில் கலந்து கொடுப்போம் என்று பிரிவில் சொன்னார்கள். ஆனால் நான்கு மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற அளவுகள் முட்டை ரொட்டிக்கு வைத்தவை, கஞ்சி வேறு வேகத்தில் இறங்கும், ரிப்போர்ட்டைப் படிப்பவர் அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்றும் நேர்மையாகச் சொன்னார்கள். தேதியைத் தள்ளிப் போட்டால் இன்னும் ஆறு வாரம். ஆயாவிடம் போய் நின்றேன். அவர் வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "மருந்துக்கு தோஷம் கெடயாது மா. சாமிக்கு தெரியாதா?" என்றார். முட்டையே கொடுக்கச் சொன்னேன். பிள்ளை முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். குமட்டுகிற பிள்ளையைப் பத்து நிமிடத்தில் காய்ந்த முட்டை ரொட்டி முழுவதும் சாப்பிடச் சொல்வது எத்தனை கஷ்டம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த சிஸ்டர் ஒரு ஜூலு அம்மா. "ஷேம், மை பேபி" (இங்கே ஷேம் என்றால் ஐயோ பாவம்) என்று முதுகைத் தடவிக்கொண்டே, அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட வைத்தார். ஒன்பது நிமிடத்தில் முடித்தாள்.

நான்கு மணி நேரத்தில் வயிற்றில் மிச்சம் 6 சதவீதம். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தாமதம். ஆக, வயிறு சரியாகத்தான் இறக்குகிறது.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நான் அழுதேன். நார்மல் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். ஐந்து மாதம் பிள்ளை துடிப்பதைப் பார்த்தவளுக்கு, ஒவ்வொரு காகிதமும் நார்மல் என்று வரும்போது, அப்படியென்றால் என்னதான் என்ற பயம்தான் வரும். பள்ளியில் ஒரு டீச்சர், "எல்லா டெஸ்டும் நார்மல்தானே, பரீட்சை பயமாக இருக்கும்" என்றார். பிள்ளையின் காதிலும் அது விழுந்தது.

இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் பதில் சொன்ன விதம் எனக்கு மறக்காது. நார்மல் என்றால் இந்தப் பரிசோதனை தேடிய பொருள் இல்லை என்றுதான் அர்த்தம், குமட்டல் இல்லை என்று அர்த்தமில்லை. வயிற்றில் புண் இல்லாமல், அடைப்பு இல்லாமல், வயிறும் மூளையும் பேசிக்கொள்கிற வழியில் தொந்தரவு வந்தாலும் குமட்டும். அதற்கு ஃபங்ஷனல் நாசியா என்று பெயர் இருக்கிறது, வரையறையும் இருக்கிறது. குடல்நோய் நிபுணர்கள் சேர்ந்து வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறையில்தான் பிள்ளைகளுக்கு இது தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. வாரத்துக்கு இரண்டு முறையாவது, பெரும்பாலும் சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல், இரண்டு மாதம் தொந்தரவு செய்கிற குமட்டல், வேறு காரணம் கிடைக்காதபோது. பிள்ளை நடிக்கிறது என்று அதில் எங்கேயும் இல்லை.

வயிற்றுக்கும் இதயம் போல ஒரு மின் தாளம் உண்டு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று அலை. நம் விளம்பகாலத்தைவிட மெதுவான தாளம். 1921இல் வால்டர் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதல் முறையாக வயிற்றுத் தோலின் மேல் மின்முனைகளை வைத்து அதைப் பதிவு செய்தார். அவர் பார்த்த மூதாட்டி மிகவும் மெலிந்தவர், வயிறு சுருங்கி விரிவது தோலுக்கு மேலேயே கண்ணுக்குத் தெரிந்ததாம். இதயத்தின் மின்சாரத்தைவிட இது மிகவும் பலவீனம் என்பதால் நூறு வருடமாக இந்தப் பரிசோதனை தடுமாறியே வந்திருக்கிறது. இப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவாக்கிய ஒரு முறையில் 66 மின்முனைகள் உள்ள ஒட்டுப்பட்டையை வயிற்றில் ஒட்டி, சாப்பாட்டுக்கு முன் அரை மணி, பின் நாலு மணி நேரம் பதிவு செய்கிறார்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை தனக்கு எப்போது குமட்டுகிறது என்று ஒரு செயலியில் குறித்துக்கொண்டே இருக்கும். 2022இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. தாளம் குலையும் நேரமும் குமட்டல் வரும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் அதைச் செய்யவில்லை. அதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள் என்றார் மருத்துவர்.

மூன்று வார நோட்டு. அவர் சாப்பாட்டுப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு, நான் கவனிக்காத பத்தியை மட்டும் என் பக்கம் திருப்பினார். பள்ளி அசெம்ப்ளி. சுடுதண்ணீர் குளியல். அசெம்ப்ளி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்றபோது. தோசை ஊற்ற எனக்கு உதவியபோது. ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்ததும். கோவிலில் தீபாராதனைக்குக் காத்திருந்தபோது. எல்லாமே நின்றுகொண்டிருந்த நேரங்கள். படுத்திருந்தபோது எழுதியது ஒன்றுகூட இல்லை. ஆடிக் கூழ் வரிசை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் ஏழு மாதமும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே, அதே அறையில், பெரிய மெஷின் எதுவும் இல்லாமல் செய்த பரிசோதனை இது. பத்து நிமிடம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். கையில் பி.பி. பட்டை, விரலில் ஒரு கிளிப். சிஸ்டர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார்: படுத்திருக்கையில் நாடித்துடிப்பு 68, பி.பி. 108க்கு 66. பிறகு எழுந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாதத்தை வைத்து, முதுகை மட்டும் சுவரில் லேசாகச் சாய்த்து நிற்கச் சொன்னார்கள். காலை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது. ஒரு நிமிடத்தில் 97. மூன்றில் 104. ஐந்தில் 111. ஆறாவது நிமிடம் அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்து எச்சிலை விழுங்கினாள், "வருது அம்மா" என்றாள். சிஸ்டர் ஒரு கையில் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே மறு கையால் எழுதினார். கைவிரல் நுனிகள் நிறம் மாறி, சில்லென்று இருந்தன. எட்டில் 114. பத்தாவது நிமிடம் 116. பி.பி. இறங்கவே இல்லை. படுக்க வைத்தார்கள். நான்கு நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது, குமட்டல் போய்விட்டது.

எழுந்து நின்றால் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் இதயம் ஓடிஓடி ஈடுகட்டப் பார்க்கும். 12 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, நின்ற பத்து நிமிடத்துக்குள் பி.பி. இறங்காமலே துடிப்பு 40க்கு மேல் கூடி, தொந்தரவு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், அதைப் பாட்ஸ் (POTS) என்கிறார்கள். இவளுக்கு 48 கூடியது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பிப்பது உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளில் அது தலைசுற்றலாக இல்லாமல் குமட்டலாகவே முன்னால் வந்து நிற்பதும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு இல்லை என்று முன்பே பார்த்துவிட்டதால்தான் அன்றைக்கே உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆகவே அந்த நார்மல் ரிப்போர்ட்டுகள் வீண் இல்லை.

சிகிச்சை: ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், உப்பைக் கூட்டுவது, இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, படுக்கையிலிருந்து மெதுவாக எழுவது, படுத்தோ உட்கார்ந்தோ செய்யும் உடற்பயிற்சி. உப்பைப் பற்றி ஒன்று: மருத்துவர் அவள் சிறுநீரகத்தையும் பி.பி.யையும் பார்த்துவிட்டு அளவு சொன்னார். நீங்களாகக் கூட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அது உப்புப் போட்ட மோர், ரசம், நீராகாரம் என்று போயிற்று. காலையில் எழுந்து உட்காருவதற்கு முன் படுக்கையிலேயே ஒரு டம்ளர் நீராகாரம் குடிக்கிறாள். காலுறை டர்பன் வெயிலில் கொடுமைதான், பள்ளிக்கு மட்டும் போடுகிறாள். வாரம் மூன்று நாள் நீச்சல்.

இனி இடத்தின் குறைகள். காத்திருக்கும் கூடத்தில் காபி மெஷின் வைத்திருக்கிறார்கள். குமட்டலோடு வரும் பிள்ளைகள் உட்காரும் கூடத்தில் நாள் முழுக்கக் காபி வாசனை. என் மகள் இரண்டு முறை வராந்தாவில்தான் உட்கார்ந்தாள். நான் எழுதிக் கொடுத்தும் மெஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட் வர ஒன்பது நாள். மூன்று நாளில் வரும் என்றார்கள். நின்று பார்க்கும் பரிசோதனையை முதல் நாளே செய்திருக்கலாமே என்றும் கேட்டேன். மருத்துவர் மழுப்பவில்லை, செய்திருக்கலாம், இனி முதல் நாளே செய்வேன் என்றார். ஸ்கேனுக்கு மெடிக்கல் எய்டிலிருந்து, அதாவது மருத்துவக் காப்பீட்டிலிருந்து, முன் அனுமதி எண் வாங்காமல் போகாதீர்கள். எனக்கு அந்த எண்ணுக்காக நான்கு நாள் போனில் போனது. அது மருத்துவமனையின் குறை இல்லை. எண் இருந்ததால் கையிலிருந்து 640 ரேண்டுதான் கட்டினோம். நின்று பார்த்ததற்குத் தனிக் கட்டணம் இல்லை, அன்றைய கன்சல்டேஷனிலேயே அடங்கிவிட்டது.

மெடிக்கல் எய்டு இல்லாதவர்களுக்கு: நோட்டு எழுதுவது, கண் பார்ப்பது, ரத்தம், சிறுநீர், படுத்து நின்று துடிப்பு எண்ணுவது, இவை எதற்கும் பெரிய மருத்துவமனை வேண்டாம். கிளினிக்கிலேயே கேட்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்கித்தான் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக முடியும்.

குழாய் வேண்டாம் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கக் கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. வாந்தியில் ரத்தம், பச்சை நிறப் பித்தம், விழுங்கச் சிரமம், எடை இறங்குவது, வளர்ச்சி நிற்பது, மலத்தில் ரத்தம், நடு இரவில் எழுப்புகிற வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள், பச்சை வாந்தி என்றால் அன்றைக்கே ஓடுங்கள். காலைத் தலைவலியோடு வாந்தி என்றால் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வழியில் போக முடிந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. நோட்டு இன்னும் எழுதுகிறாள். செப்டம்பரில் 24 நாள் குமட்டல், போன மாதம் 7 நாள். பள்ளிக்கு மருத்துவர் கடிதம் கொடுத்தார், அசெம்ப்ளியில் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் உட்கார வெட்கப்பட்டாள். இப்போது அவள் தோழி ஒருத்தி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

ஜனவரியில் மறுபடி அதே சுவரில் நிற்க வைத்தார்கள். அதே சிஸ்டர், அதே மாதிரி கோடு போட்ட தாள். படுத்திருக்கையில் 70, நின்றதில் அதிகபட்சம் 101. எட்டாவது நிமிடம் கொஞ்சம் வியர்த்தாள், எச்சில் விழுங்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் கிண்ணத்தை சிஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது, கீழே டோஸ்ட் கிடைக்குமா என்று கேட்டாள்.